குழாய் மேல் நடந்தவர்களின் பெயர் என்ன?

சர்ச்கேட்டில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் பதினோராவது ஸ்டேஷன் மாஹிம். அரை மணி நேரப் பயணம். பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபாஸ்தியோ சல்காடோ 1995இல் பம்பாயில் எடுத்தவற்றில் உலகம் நினைவில் வைத்திருக்கும் படங்கள் இரண்டு. ஒன்று சர்ச்கேட்டில் எடுத்தது. மற்றொன்று மாஹிமில்.

சர்ச்கேட் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ரயில்கள் நிற்கின்றன. நடுவில் பிளாட்பாரம். ஷட்டரைச் சற்று நிதானமாக விட்டதால் வண்டிகள் அசையாமல் நிற்க, ஜனங்கள் மட்டும் புகையாக ஓடுகிறார்கள். தலை எது, தோள் எது என்று பிரிக்க முடியாது. தினமும் அந்தப் புகைக்குள் ஒரு துளியாக இருப்பவர்களுக்கு இது அதிசயமல்ல. ஆனால் அந்தப் படத்துக்கு முன், தாங்கள் மேலிருந்து பார்த்தால் இப்படி இருப்போம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அச்சுப் பிரதிகள் வெளிநாட்டு ஏலக் கூடங்கள்வரை போய் விலைபோயிருக்கின்றன.

மாஹிம் படம் அந்த அளவுக்குப் பிரபலமில்லை. ஆனால் இரண்டில் கனமானது அதுதான். ராட்சத அளவில் ஒரு தண்ணீர்க் குழாய். இரு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு குடிசைகள். குழாயின் முதுகில் மனிதர்கள் நடந்துபோகிறார்கள். அவர்களுக்கு அதுதான் தெரு. படத்தின் கீழே உள்ள விளக்கம் சொல்லும் செய்தி இது: நகரத்தின் வசதியான பகுதிகளுக்குக் குடிநீர் கொண்டுபோகும் பிரதானக் குழாய் மாஹிமின் குடிசைப் பகுதி வழியாகச் செல்கிறது. ஊர், நாடு, ஆண்டு. அவ்வளவுதான்.

மும்பைக்குத் தண்ணீர் தருபவை ஏழு ஏரிகள். துளசியும் விஹாரும் நகர எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. தான்சா, மோடக் சாகர், பாட்சா போன்றவை வெகு தொலைவில். 1892இல் தான்சா அணை வந்தபோது சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவரக் குழாய் போட வேண்டியிருந்தது. குழாய் போன இடமெல்லாம் மாநகராட்சி நிலம். அதில் பங்களா கட்ட யாரும் வரமாட்டார்கள். வேறு இடம் கிடைக்காதவர்கள் வந்தார்கள். தலைமாட்டில் இரவும் பகலும் தண்ணீர் ஓட, வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வரிசையில் நிற்கும் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. இதை ஒரே பார்வையில் சொல்ல முடிந்த காமிராவை லேசாக எடைபோடக் கூடாது.

சல்காடோ படித்தது பொருளாதாரம். சர்வதேச காப்பி அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1973இல் அதை விட்டுவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தார். காப்பி விலை எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்குப் பார்த்த மனிதர். படத்திலும் அந்தக் கணக்குப் புத்தி தெரிகிறது. யார் உழைக்கிறார்கள், பலன் எங்கே போகிறது என்பதுதான் அவர் கண் தேடும் விஷயம். 1993இல் வெளியான தொழிலாளர்கள் பற்றிய புத்தகத்தில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். இடம்பெயரும் மனிதர்கள் பற்றிய புத்தகம் 2000இல் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று பார்க்க ஜகார்த்தா, மணிலா, கெய்ரோ, மெக்சிகோ சிட்டி என்று சுற்றியவர், பம்பாய்க்கும் வந்தார். கையில் லைக்கா காமிரா, கறுப்பு வெள்ளை ஃபிலிம். மாஹிம் படம் அந்தப் பயணத்தில் கிடைத்தது.

அவர் வந்த 1995 சாதாரண ஆண்டல்ல. மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் சிவசேனை - பாரதிய ஜனதா கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பம்பாய் மும்பை ஆனது. குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற திட்டமும் அதே ஆண்டில்தான் உருவெடுத்தது. அதற்கு ஒரு கெடு தேதி: 1.1.1995. அன்றைய வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் 225 சதுர அடி வீடு. இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர். குழாய் மேல் நடந்துகொண்டிருந்தவர்களைச் சல்காடோ படமெடுத்த அதே ஆண்டில், அவர்களை இரண்டு சாதியாகப் பிரிக்க அரசாங்கம் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தது. படத்தில் தெரிபவர்களில் யார் கோட்டுக்கு இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்பதைப் படம் சொல்லாது.

சல்காடோ மீது விழுந்த கடுமையான விமர்சனமும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. பட்டினியையும் அகதிகளையும் இத்தனை அழகாக எடுக்கலாமா என்று 1991லேயே அமெரிக்கப் பத்திரிகையில் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அசிங்கமாக எடுத்தால் ஏழைக்கு மரியாதை கூடிவிடப் போவதில்லை. ஆனால் 2003இல் எழுத்தாளர் சூசன் சொன்டாக் எழுப்பிய கேள்வி வேறு ரகம். சல்காடோவின் படங்களில் அதிகாரமில்லாதவர்களுக்குப் பெயர் இல்லை என்றார் அவர். பிரபலங்களுக்கு மட்டும் பெயர் போடுவதும் மற்றவர்களை அவரவர் தொழிலுக்கோ துயரத்துக்கோ ஒரு மாதிரியாக நிறுத்துவதும் சரியா என்பது அவர் வாதத்தின் சாரம். மாஹிம் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முயன்றால் கஷ்டம்தான். குழாய்க்கு விளக்கம் இருக்கிறது. அதன் மேல் நடப்பவர்களுக்கு இல்லை.

மாஹிம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கினால் ஒரு ஊர். மக்தூம் அலி மாஹிமி தர்கா, புதன்கிழமை நவநாளுக்குக் கூட்டம் நிரம்பி வழியும் செயின்ட் மைக்கேல் தேவாலயம், தகடு தகடாக அடுக்கிய மாஹிம் அல்வா, கொஞ்சம் தள்ளிக் கடல். கிழக்குப் பக்கம் இறங்கினால் வேறு ஊர். நாலு எட்டு வைப்பதற்குள் தாராவி. காதில் விழுவது திருநெல்வேலித் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிட வந்தவர்களில் தொடங்கி, பஞ்சத்துக்கும் சாதிக்கும் பயந்து ரயிலேறியவர்கள்வரை தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த மண். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கான பேர்.

பெரும்பாலான தமிழர்கள் மனதில் இருக்கும் தாராவி சினிமாவில் பார்த்தது. வேடிக்கை என்னவென்றால், ‘நாயகன்’ படத்தின் தாராவி சென்னை ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட். 2018இல் வந்த ‘காலா’வுக்கும் சென்னையில்தான் பெரிய செட் போட்டார்கள். அசல் தாராவிச் சந்துக்குள் காமிரா வைக்க இடம் கிடையாது என்பதும் ஒரு காரணம். எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பிக்கொண்டு வழிவிட வேண்டிய சந்துகள் அவை.

ஆனாலும் காமிராக்கள் வந்துகொண்டேதான் இருந்தன. கனடாவில் பிறந்த ராபர்ட் பொலிடோரி, தாராவியின் 60 ஃபீட் ரோட்டுப் பக்கம் உள்ள பாட்டியா நகரின் முகப்புகளைத் துண்டு துண்டாக எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி, ஒரு தெருவையே நீள ஓவியமாக்கினார். தகரம், நீலத் தார்ப்பாய், மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி, கொடியில் காயும் துணி எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிகின்றன. ‘60 ஃபீட் ரோடு’ என்ற பெயரிலேயே அது புத்தகமாகவும் வந்தது. வீடுகளை மனிதர்களின் முகம்போல எடுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அதனாலேயே அவர் படத்தில் மனிதர்கள் அவசியப்படவில்லை.

நார்வேக்காரர் ஜோனாஸ் பெண்டிக்சன் செய்தது நேர்மாறான காரியம். 2008இல் வெளியான அவர் புத்தகத்தில் நைரோபி, ஜகார்த்தா, கராகஸ், மும்பை ஆகிய நான்கு ஊர்களின் சேரிகள். மும்பையில் அவர் தேர்ந்தெடுத்தது தாராவி. தெருவில் நின்று எடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு வீட்டுக்குள் போய் அறையின் நான்கு சுவர்களையும் எடுத்தார். நடுவில் அந்தக் குடும்பம். பக்கத்தில் அவர்கள் சொன்ன கதை, அவர்கள் வார்த்தையிலேயே. சுவரில் சாமி படம், அலமாரியில் பளபளக்கத் தேய்த்து அடுக்கிய பாத்திரங்கள், ஆணியில் மாட்டிய பள்ளிக்கூடப் பை. வறுமையின் அடையாளம் தேடிப் போகிறவனுக்கு இவை ஏமாற்றம் தரலாம். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதுதான் வீடு. ஓர் ஆளின் படத்தை எடுத்தால் அவன் பேச்சையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற அந்தச் சின்ன நேர்மை, சொன்டாக்கின் கேள்விக்கு ஓரளவு பதில். கலை என்று பார்த்தால் சல்காடோவின் குழாய்க்கு ஈடான ஒரே ஒரு படம் இந்தப் புத்தகத்தில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெயர் போடுவது வெளிநாட்டுக்காரருக்குத்தான் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். இதே நகரில் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்த சுதாரக் ஓல்வே, மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களின் பின்னாலேயே வருடக்கணக்கில் நடந்தார். சாக்கடைக்குள் இறங்குவதை எடுத்தார், அவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் எடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஹோமாய் வியாரவாலா கதை இன்னும் வினோதம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று கொண்டாடப்படும் அவர், பம்பாயில் எடுத்த ஆரம்ப காலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. காமிராவுக்கு முன்னால் நிற்பவருக்கு மட்டுமல்ல, பின்னால் நிற்பவருக்கும் பெயர் மறுக்கப்பட்ட ஊர் இது.

தாராவிக்காரர்கள் காமிராவைப் பற்றி இப்போது கொஞ்சம் உஷார். அங்கே சுற்றிக்காட்டும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம், பயணத்தின்போது படமெடுக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. நல்ல விதி. இரும்பு அடிப்பவரும் பிளாஸ்டிக் பிரிப்பவரும் வேலை பார்க்கும் நேரத்தில் கண்காட்சிப் பொருள் ஆக வேண்டியதில்லை.

அதற்காகப் படம் பிடிக்காதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 90 ஃபீட் ரோட்டில் நடந்து பாருங்கள். ஸ்டூடியோ வாசலில் கல்யாண ஆல்பம், கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டுப் பாவாடைச் சிறுமி. தலைக்கு மேலே ஃப்ளெக்ஸ் பேனர்கள். மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. இவற்றைக் கலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பின்னணியில் சம்பந்தமில்லாத அருவி கொட்டும், முகம் ரோஸ் நிறத்தில் வழியும். ஆனால் பெயருக்குப் பஞ்சமே இல்லை. செத்துப்போன பாட்டியின் படத்துக்குக் கீழே மகன்கள், மருமகள்கள், பேரன்கள், பேத்திகள், சொந்த ஊர், தாலுகா, மாவட்டம் என்று பத்து வரி ஓடும். சல்காடோவின் குழாய்க்குப் பக்கத்தில் வசிக்கும் சனங்கள், தாங்களே பணம் கொடுத்துப் படம் போடும்போது ஒரு பெயரைக்கூட விடுவதில்லை. விட்டால் சண்டை வந்துவிடும்.

தாராவியிலிருந்து மாட்டுங்கா நடந்து போகும் தூரம்தான். ஆனால் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வந்த மாட்டுங்காத் தமிழர்களும், தோல் ஷாப்புக்கு வந்த தாராவித் தமிழர்களும் ஒருவர் வீட்டுப் படத்தில் மற்றவர் இருப்பது அபூர்வம். கிங்ஸ் சர்க்கிளின் பூக்கடைகளையும் காப்பி வாசனையையும் தேடிப் புகைப்பட மேதைகள் படையெடுத்ததில்லை. கஷ்டம் இருக்கிற இடத்துக்குத்தான் காமிரா முதலில் வருகிறது. விதிவிலக்கு ரகுபீர் சிங். 1994இல் வெளியான அவருடைய பம்பாய் புத்தகம் முழுக்க வண்ணம். கடைக் கண்ணாடியில் தெரியும் தெரு, கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடி, நடுவில் அவசரமாகப் போகும் மத்தியதர வர்க்கம். இந்தியாவைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதே மேல்நாட்டுப் பழக்கம் என்று வாதிட்டவர் அவர். அவரையும் சல்காடோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஊரைப் பார்த்த இரண்டு பேர் என்று நம்புவது சிரமம். மாட்டுங்காவின் ஐந்து தோட்டத்தை ஒட்டியிருக்கிறது தாதர் பார்ஸி காலனி. சொந்தக் குடும்பத்தில் தொடங்கித் தன் பார்ஸி இனத்தையே படம்பிடித்து 2000இல் புத்தகமாக்கினார் சூனி தாராபூர்வாலா. உள்ளே இருப்பவர் எடுத்தால் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

குழாய்க்குத் திரும்புவோம். அதன் கதை மாஹிமோடு முடியவில்லை. தான்சா குழாய்க்கு ஆபத்து என்று சொல்லி, இரு பக்கமும் இருந்த குடிசைகளை அகற்றும் வேலை பல இடங்களில் நடந்தது. 2017 வாக்கில் வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பப்பட்ட இடம் செம்பூரை ஒட்டிய மாஹுல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் அடுக்குமாடிகள். காற்றில் உள்ள மாசு அங்கே குடியிருப்பவர்களின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே சொல்லியிருந்த இடம். போனவர்கள் இருமலோடும் தோல் வியாதியோடும் திரும்பிப் போராடினார்கள். மாஹுலுக்குப் போகச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வீடு தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது. அதே செம்பூரில் முருகன் கோயிலும் சங்கீத சபாவும் சூழ நிம்மதியாக இருக்கும் தமிழர்களுக்கு மாஹுல் கூப்பிடு தூரம்தான்.

சல்காடோ 2025 மே மாதம் பாரிஸில் காலமானார். வயது 81. அஞ்சலிக் கட்டுரைகளில் பிரேசிலின் தங்கச் சுரங்கப் படங்களும் அமேசான் காடுகளும் முன்னால் நின்றன. மாஹிம் அவர் வாழ்க்கையில் ஒரு சின்ன நிறுத்தம். மாஹிமுக்கும் தாராவிக்கும் அது அப்படியல்ல. அந்தக் காட்சியே இப்போது போகப்போகிறது. 2022 நவம்பரில் தாராவியை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. கம்பெனியில் 80 சதவீதம் அதானி, 20 சதவீதம் மாநில அரசு. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. மேலே ட்ரோன், சந்துக்குள் லேசர், கையில் மொபைல் ஆப். தாராவியை இத்தனை அங்குலம் அங்குலமாக எந்தப் புகைப்பட மேதையும் எடுத்ததில்லை. இந்தப் படத்தில் பெயர், வயது, கதவு எண், தரைத்தளமா மாடியா என்பது எல்லாம் உண்டு. 1.1.2000க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்ட முடிந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குப் பணம் கட்டினால் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்களுக்கு வேறு விதி.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? இங்கேதான் தாராவியின் உண்மையான பழைய புகைப்படம் வெளியே வருகிறது. 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தவர்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தது. அதன் பெயரே ‘போட்டோ பாஸ்’. மராத்திக்காரர், தமிழர், குஜராத்திக் குயவர் எல்லோரும் அதை அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். வீட்டுப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அதுதான் பத்திரம். இடிக்க வந்த அதிகாரியிடம் நீட்டியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க எடுத்துப்போனது, மழைக்கால வெள்ளத்தில் முதலில் காப்பாற்றியது. பிளாஸ்டிக் உறைக்குள், ரேஷன் கார்டோடு சேர்த்து, டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும்.

அதை எடுத்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒளியமைப்பு மோசம். பலகை பிடித்ததுபோல விறைத்த தோள்கள். கண் சிமிட்டியவரை மறுபடி எடுக்கப் பொறுமை இருந்திருக்காது. ஆனால் அதில் பெயர் இருக்கிறது. பல வீடுகளில் படத்திலிருக்கும் ஆள் இறந்து வெகு காலமாகிவிட்டது. இன்று அந்த வீட்டில் இருக்கும் மகன், மங்கிப்போன அந்த முகம் தன் அப்பாதான் என்பதைப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் என்று காகிதம் மேல் காகிதம் வைத்து, மொபைலோடு வாசலில் நிற்கும் இளைஞனுக்கு நிரூபிக்க வேண்டும். மொபைல்காரர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதையே ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகிறார்.